டிராக்டரின் ஆயில் சீல்: ஒரு கசிவின் வரலாறு

ஆயில் சீல் என்பது எண்ணெய் நிறைந்த உறையிலிருந்து சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் பொருத்தப்படும் வளையம் ஆகும். எண்ணெய் வெளியே வழியாமலும், புழுதியும் நீரும் உள்ளே புகாமலும் இது தடுக்கிறது. தமிழில் இதைச் சுழல்தண்டு எண்ணெய்க் காப்பு எனலாம். பட்டறைகளில் வழங்கும் பெயர் ஆயில் சீல் என்பதே. டிராக்டரில் கிராங்க் தண்டின் முன், பின் முனைகளிலும், கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டிலும், பின் சக்கர அச்சுகளிலும், பிற கருவிகளை இயக்குவதற்காகப் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டிலும் இத்தகைய காப்புகள் உள்ளன.

பாகம் சிறியது, விலையும் குறைவு. ஆனால் சில இடங்களில் அதை மாற்றுவதற்கு டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் புதிய சீல் போட்ட பின்னும் சில வாரங்களில் கசிவு திரும்புவது உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் புதிய சீலின் தரக்குறைவு அன்று. பழைய டிராக்டர் எந்தக் காலத்துக் காப்பு முறையை நம்பி வடிவமைக்கப்பட்டது என்பதைப் பாராமல் வேலை செய்வதே காரணம். அந்த முறைகள் மாறிவந்த வரலாற்றையும், பழைய டிராக்டர்களைப் பழுதுபார்ப்பதில் அவ்வரலாறு எவ்வாறு பயன்படுகிறது என்பதையும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் உருவான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வழிந்தோடிய எண்ணெய்

மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடுபவர் அந்த மை அங்கேயே தங்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. அது கரைந்து போகும். மீண்டும் இட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பெரிய டிராக்டர்கள் பலவற்றிலும் இதே வழக்கம்தான் இருந்தது. ஒரு சிறு தொட்டியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பேரிங்குகளுக்குச் சென்றது; தன் வேலையை முடித்து நிலத்தில் விழுந்தது. கியர்கள் பலவும் திறந்த வெளியில் சுழன்றன. எண்ணெயை அடைத்து வைக்கும் நோக்கமே இல்லாத இடத்தில் சீலுக்கு வேலை இல்லை.

அதற்கு முந்தைய நீராவி இயந்திரங்களில் காப்பு முறை ஒன்று இருந்தது. தண்டைச் சுற்றி விலங்குக் கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைத் திணித்து, ஒரு வளையத்தால் இறுக்குவார்கள். கசிவு அதிகமானால் மேலும் சற்று இறுக்குவார்கள். இந்தக் கயிற்று முறை மறைந்துவிடவில்லை. நீராவிக் காலம் முடிந்த பின்னரும் டிராக்டர் எஞ்சின்களில் நெடுங்காலம் தொடர்ந்தது.

உறைக்குள் அடங்கிய டிராக்டர்

திறந்த கியர்களுக்குப் பெரும் பகை புழுதி. உழவு நிலத்து மண் எண்ணெயுடன் கலந்தால் உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். எனவே இயங்கும் பாகங்களை மூடிய உறைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் தொடங்கின. 1913-இல் அமெரிக்காவில் வெளிவந்த வாலிஸ் கப் டிராக்டரில், வளைத்த எஃகுத் தகடே வண்டியின் சட்டமாகவும் கீழ் உறையாகவும் அமைந்தது. 1917-இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதில் எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்பு உறைகளே ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு டிராக்டரின் உடலாயின. 1928 வரை அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோர்ட்சன்கள் உற்பத்தியாயின.

இதன் விளைவுகள் இரண்டு. உறைக்குள் எண்ணெய் நிலையாகத் தங்கியதால், தண்டு வெளியே வரும் ஒவ்வொரு துளையும் கசிவுக்கான வாய்ப்பாக மாறியது. மேலும், உறையே உடலாக அமைந்ததால், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே உள்ள ஒரு சீலை அடைய டிராக்டரை இரண்டாகப் பிரிப்பதே வழியாயிற்று. இன்றும் பட்டறைகளில் ஆகும் பெருஞ்செலவின் வேர் இந்த வடிவமைப்பில்தான் உள்ளது.

அக்காலத்துக் காப்புகள் எளியவை. அழுத்தக் கம்பளியான ஃபெல்ட்டை வளையமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார்கள். அது கிரீஸைத் தாங்கும், புழுதியைத் தடுக்கும். நீர்த்த எண்ணெயை முழுவதும் தடுக்காது.

தோலிலிருந்து ரப்பருக்கு

இன்றைய ஆயில் சீலின் முன்னோடிகளை உருவாக்கியவை தோல் தொழில் நிறுவனங்கள். அமெரிக்காவில் 1878-இல் தோல் வார்ப்பட்டைகள் செய்யத் தொடங்கிய சிகாகோ ராஹைட் நிறுவனம், 1928-இல் தோல் உதட்டை உலோகக் கூட்டுக்குள் அமைத்து மோட்டார் வாகனங்களுக்கான ஆயில் சீலைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனமும், 1929-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தோலுக்குப் புதிய பயன்களைத் தேடி இத்துறைக்குள் வந்தது. அங்கு பணியாற்றிய வால்டர் சிம்மரின் பெயரால் அமைந்த ‘சிம்மரிங்’ என்ற சொல், ஜெர்மன் மொழியில் இன்றும் ஆயில் சீலுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது.

தோல் இவ்வேலைக்கு ஏற்ற பொருளாக இருந்தது. அதன் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சிறிது நேரம் எண்ணெய் வராவிட்டாலும் உதடு காய்ந்து கருகாது. சற்றுச் சொரசொரப்பான தண்டின் மீதும் அது தாக்குப்பிடிக்கும். குறைகளும் இருந்தன. வெப்பம் மிகுந்தால் தோல் இறுகி விறைத்துவிடும். வேகமாகச் சுழலும் தண்டுக்கு அது பொருந்தாது.

மாற்றுப் பொருளும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பி மென்மையாகிவிடும். எனவே அதைச் சீலுக்குப் பயன்படுத்த இயலாது. 1930களில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் உருவாக்கப்பட்டது. 1936-இல் ஃபிராய்டன்பெர்க் செயற்கை ரப்பர் சீல்களை வெளியிட்டது. எனினும் தோல் உடனே மறையவில்லை. 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட டிராக்டர்களில் ஃபெல்ட், தோல், கயிறு, ரப்பர் ஆகிய நான்கையும் காணலாம். ஒரே டிராக்டரில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதும் உண்டு.

உதட்டுச் சீல் இயங்கும் விதம்

ரப்பர் உதடு தண்டை இறுகப் பற்றி எண்ணெயைத் தடுக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் உதடு தண்டின் மீது நேராக உராய்ந்தால் விரைவில் கருகிவிடும். 1957-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் இ. டி. ஜாகர், உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதை எடுத்துக்காட்டினார். அப்படியானால் அந்தப் படலம் ஏன் வெளியே வழிவதில்லை என்ற கேள்வி எழுந்தது. நல்ல சீலின் உதடு எண்ணெய் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சரிவாகவும் அமைந்திருக்கும். தண்டு சுழலும்போது, உதட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் எண்ணெயை மீண்டும் உள்ளே தள்ளுகின்றன என்பது பிந்தைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே ஆயில் சீலை அடைப்பான் என்பதைவிட மிகச் சிறிய பம்பு என்பதே பொருத்தம்.

இதிலிருந்து பழுதுபார்ப்பவருக்கு இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, சீலைத் தலைகீழாகப் பொருத்தினால் அதே பம்பு எண்ணெயை வெளியே தள்ளும். இரண்டாவது, சீல் என்பது வளையம் மட்டும் அன்று. தண்டின் மேற்பரப்பு அதன் மறுபாதி. அம்மேற்பரப்பின் சொரசொரப்பு பொதுவாக 0.2 முதல் 0.8 மைக்ரோமீட்டர் வரை இருக்க வேண்டும் எனக் கொள்ளப்படுகிறது. கடைசலில் விழும் திருகு போன்ற கோடுகளும் இருக்கக் கூடாது. அவை சுழலும் திசையைப் பொறுத்து எண்ணெயை வெளியே இழுத்துவந்துவிடும்.

ஃபெர்குசன் டிஇ20: ஓர் எடுத்துக்காட்டு

அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் (1884–1960), டிராக்டரையும் கலப்பையையும் மூன்று புள்ளிகளில் இணைத்து ஹைட்ராலிக் விசையால் கட்டுப்படுத்தும் முறைக்காக அறியப்படுபவர். அவருடைய டிஇ20 டிராக்டரை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் கவன்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில் உற்பத்தி செய்தது. பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன.

இந்த டிராக்டரில் கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு ஆகிய மூன்றுக்கும் எண்ணெய் ஒன்றே. எனவே பின் சக்கரச் சீலில் கசிந்தாலும் பி.டி.ஓ. தண்டில் கசிந்தாலும் குறைவது ஹைட்ராலிக் தூக்கிக்கும் வேண்டிய அதே எண்ணெய்தான்.

ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் எஞ்சின் பொருத்தப்பட்ட டிஇ20-களில், கிராங்க் தண்டின் பின்முனையில் உதட்டுச் சீலே கிடையாது. தண்டில் வெட்டப்பட்ட திருகுமரையும், அதைச் சுற்றி மிகக் குறுகிய இடைவெளியுடன் அமைந்த அலுமினிய உறையுமே காப்பாகச் செயல்படுகின்றன. தண்டு சுழலும்போது மரை எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். தொடுகை இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் இந்தக் காப்பும் நின்றுவிடும். முதன்மைப் பேரிங்குகள் தேய்ந்து தண்டு சற்றே கீழிறங்கினாலும், இடைவெளி ஒருபுறம் அகன்று கசிவு தொடங்கும். அந்நிலையில் செய்ய வேண்டியது பேரிங்கு வேலை. மாற்றுவதற்கு அங்கே சீல் இல்லை. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த டிராக்டர் ஆவி எண்ணெயில் ஓடிய டிஇடி20 வகையில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. எரியாத எரிபொருள் எஞ்சின் எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது; நீர்த்த எண்ணெய் எளிதில் கசிகிறது.

கசிவு முற்றிலும் நிற்கும் என்று அக்கால வடிவமைப்பாளர்களும் நம்பவில்லை. அந்தத் தலைமுறை டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச் உறையின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் ஒரு பிளவு ஊசி தளர்வாகத் தொங்கும். டிராக்டர் அதிரும்போது ஊசியும் ஆடித் துளை அடைபடாமல் காக்கும். உள்ளே கசியும் எண்ணெய் கிளட்ச் தட்டில் படியாமல் வெளியே சொட்டுவதற்கான ஏற்பாடு இது. இந்தத் துளையை அடைத்துக் கசிவை ‘நிறுத்துபவர்’ விரைவில் கிளட்ச் தட்டை மாற்ற நேரிடும்.

1953-இல் ஃபெர்குசன் நிறுவனம் கனடாவின் மாசி-ஹாரிசுடன் இணைந்தது. டிஇ20-இன் வழித்தோன்றலான 35 மாதிரி 1956-இல் வந்தது. அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில், கிராங்க் தண்டின் பின்முனைக் காப்பு இரு பாதி உறைக்குள் அமைந்த கயிற்றுச் சீல் ஆகும். மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டஃபே நிறுவனத்தின் 1035 டிராக்டரும் இந்த 35-இன் வழியில் வந்ததே. இலங்கையிலும் மாசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் பரவலாக அறியப்பட்டவை. எனவே தமிழ் நிலத்துப் பட்டறைகளுக்கும் இந்த வரலாறு அயலானது அன்று.

கசிவின் ஆபத்து

தரையில் விழும் சில சொட்டுகளால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் பின் சக்கர அச்சின் சீல் கசிந்தால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போய்விடும். டிஇ20-இல் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. உழவில் கூர்மையாகத் திரும்ப இவை உதவுகின்றன. ஒரு பக்கப் பிரேக்கில் மட்டும் எண்ணெய் ஏறினால், இரண்டையும் ஒருசேர மிதித்தாலும் ஒரு சக்கரம் மட்டுமே நிற்கும். டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும். சுமை ஏற்றிய இழுவைப் பெட்டியுடன் சரிவில் இறங்கும்போது இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எண்ணெயில் ஊறிய பிரேக் பட்டையைப் பெட்ரோலால் கழுவிக் காயவைத்து மீண்டும் போடுவது சில இடங்களில் வழக்கம். இது பயன் தராது. சூடேறும்போது உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் மேலே வந்துவிடும். சீலை மாற்றும்போது பட்டையையும் மாற்றுவதே முறை. அக்காலத்துப் பிரேக் பட்டைகளிலும் கயிற்றுச் சீல்களிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. எனவே டிரம்மைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது.

மாற்றும் முறை

முதலில் கசிவின் மூலத்தை உறுதி செய்ய வேண்டும். டிராக்டரை நன்றாகக் கழுவித் துடைத்து, சிறிது நேரம் ஓட்டியபின் பார்த்தால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். அடுத்து, உறையின் மூச்சுத்துளையைப் பார்க்க வேண்டும். பல்லாண்டுப் புழுதியால் அது அடைபட்டிருந்தால், சூடேறி விரியும் காற்று எண்ணெயைச் சீலின் வழியே வெளியே தள்ளும். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலும் இதே நிலைதான். இவ்விரண்டையும் சரிசெய்த உடனே நின்றுவிடும் கசிவுகள் உண்டு.

பழைய சீலை எடுக்கும்போது தண்டிலோ உறையின் உட்சுவரிலோ கீறல் விழக் கூடாது. எடுத்ததும் அதன் அளவு, உதட்டின் திசை, பொருத்தப்பட்ட ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பழைய டிராக்டர்களின் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. ‘ஏறத்தாழ’ பொருந்தும் மில்லிமீட்டர் சீல் அங்கே நிலைக்காது.

பின்னர் தண்டின் மீது விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய உதடு ஓடிய இடத்தில் நகம் சிக்கினால், புதிய சீல் மட்டும் போதாது. மென்மையான ரப்பர் கடினமான எஃகைத் தேய்ப்பது வியப்பாகத் தோன்றலாம். உதட்டின் அடியில் சிக்கும் புழுதியே அறுக்கும் வேலையைச் செய்கிறது. பள்ளம் சிறிதாக இருந்தால், இடம் உள்ளபோது புதிய சீலைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத பகுதியில் அமரச் செய்யலாம். அல்லது சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய எஃகு உறையைத் தண்டின் மீது ஏற்றலாம். அது அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

பொருத்தும்போது உதட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த உதடு முதல் சுற்றுகளிலேயே கருகிவிடும். தண்டின் சாவிப் பள்ளங்கள், பற்கள் ஆகியவற்றின் மீது மெல்லிய நாடாவைச் சுற்றினால் உதடு கிழியாது. தட்டையான வளையத்தை வைத்து, நாற்புறமும் சமமாக அழுத்தி இறக்க வேண்டும். சாய்வாக அடித்தால் உதட்டின் பின்னுள்ள சுருள்வில் கழன்று விழக்கூடும். வில் கழன்ற சீல் வெளியே பார்வைக்கு முழுமையாகத் தெரியும்; கசிவு தொடங்கிய பிறகே குறை தெரியவரும்.

தோல், ஃபெல்ட் சீல்களைப் பொருத்துமுன் எண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும். கயிற்றுச் சீலை உருண்டையான கம்பியால் பள்ளத்தில் உருட்டி அமர்த்தி, முனைகள் சற்றே மேலே நிற்கும்படி வெட்டுவார்கள்; இரு பாதிகளையும் முடுக்கும்போது அம்முனைகள் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைக்கும்.

பழையதா, புதியதா

தோல் சீல் இருந்த இடத்தில் நைட்ரைல் சீல் போடுவது பெரும்பாலும் நல்லதே. ஆனால் தோலின் துணையோடு ஓடிய சொரசொரப்பான தண்டின் மீது ரப்பர் உதட்டை நேராக வைத்தால், அது விரைவில் தேய்ந்துவிடும். இங்கு பொருளை மாற்றுபவர் தண்டையும் மெருகேற்ற வேண்டும். 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் வெளியிட்ட வைட்டான் என்னும் ஃபுளோரின் ரப்பர் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். ஆனால் மெதுவாகச் சுழலும் பின் சக்கர அச்சில் அந்தத் திறனுக்கு வேலை குறைவு.

பழமை மாறாமல் காக்க விரும்புவோர் வேறொரு கேள்வியையும் எதிர்கொள்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், வாகனத்தின் வரலாற்றுத் தன்மை கெடாத வகையில் மாற்றங்கள் குறைவாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. இந்நோக்கில் பார்த்தால், மறைவாக இருக்கும் ஒரு சீலை மாற்றுவது குற்றமாகாது. நாளை அதை எடுத்துவிட்டுப் பழையதைப் பொருத்த முடியும். ஆனால் புதிய சீலுக்காகக் கிராங்க் தண்டின் திருகுமரையைக் கடைந்து எடுத்துவிட்டால், அதை மீண்டும் கொண்டுவர முடியாது.

பிரேக்கைக் கெடுக்கும் கசிவும், கிளட்ச் தட்டைக் கெடுக்கும் கசிவும் நிறுத்தப்பட வேண்டியவை. அங்கு பழமையை நோக்கித் தயங்குவதற்கு இடமில்லை. கிளட்ச் உறையின் அடித்துளையில் எப்போதாவது விழும் ஒரு சொட்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது வடிவமைத்தவர்கள் தெரிந்தே விட்ட வழி. கழற்றத் தொடங்குமுன் இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், பல டிராக்டர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டிய தேவையே எழாது.